சீல் வைத்த பை

டியூட்டி ஃப்ரீ கடைக்குள் மச்சான் நடக்கிற நடையே வேறு. வெளியே முதுகு வளைந்து, கால் தேய்ந்து, வேலைத்தளத்தின் அலுப்பெல்லாம் தோளில் சுமந்து வருகிற மனிதர், அந்த வாசலைத் தாண்டியதும் நிமிர்ந்துவிடுவார். ஒரு பாட்டிலைக் கையில் எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடிப்பார். லேபிளை மேலிருந்து கீழ் வரை படிப்பார். தெரிந்த வீட்டுப் பிள்ளையை விசாரித்து அனுப்புகிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு இருந்த இடத்திலேயே வைப்பார். பிறகு அடுத்தது.

வெல்டர் இரண்டு பேருடைய கைப்பையையும் தோளில் மாட்டிக்கொண்டு சாக்லேட் அலமாரிப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றிருந்தான். பாட்டில்களைப் பார்க்கக் கூடாது என்று அவனுக்கு அவனே போட்டுக்கொண்ட சட்டம். மகளுக்கு ஒரு பெட்டி சாக்லேட் எடுத்துவிட்டு, அதன் மேல் எழுதியிருந்ததையே மூன்று முறை படித்துக்கொண்டிருந்தான்.

மச்சான் என்றால் அவன் மனைவியின் அண்ணன். இருவருக்கும் ஒரே கப்பல் பட்டறையில் வேலை. அவர் ஃபோர்மேன், இவன் வெல்டர். தங்குவது ஒரே அறை, எதிரெதிர்க் கட்டில். அறைக்காரர்கள் அவருக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்த கவுண்டரில் எந்த விதி, எந்த ஊரில் எத்தனை கிலோ, எதை மடித்து வைத்தால் கண்ணில் படாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். யாராவது ஊருக்குக் கிளம்பினால் முந்தின நாளே அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

"மாப்ளே, இங்க வா, கேட்டுக்க" என்று அழைத்தார். "ஒரே ஃபிளைட்ல போறவனுக்குக் கவலை இல்ல. வாங்கினோமா போனோமான்னு போயிடுவான். நாம நடுவுல எறங்கி ஏர்றோம் பாரு, அங்கதான் சிக்கல். நடு ஏர்போர்ட்ல மறுபடியும் சோதனை போடுவான். குடிக்கிற தண்ணியையே தூக்கிப் போடறவன் இத விடுவானா? அதுக்குத்தான் இந்தக் கவர். கடைக்காரனே பாட்டில உள்ள வச்சு, பில்லையும் உள்ள வச்சு, சீல் போட்டுக் குடுப்பான். கடைசி ஏர்போர்ட்டத் தாண்டற வரைக்கும் பிரிக்கக் கூடாது. பிரிச்சா போச்சு."

"இதெல்லாம் எனக்கு எதுக்கு மச்சான்?"

"ஆளுக்கு ரெண்டுதான் விடுவான். எனக்கு நாலு வேணும்."

வெல்டர் ஓரடி பின்னால் நகர்ந்தான். அவன் பயத்தை மற்றவர்கள் சிரித்துத் தள்ளலாம். அவனால் முடியாது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போனவன், வழியில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து, தனக்கு மகள் இருப்பதையே மறந்துவிட்டான். இருட்டும் வரை பிள்ளை பள்ளி வாசலில் நனைந்துகொண்டு நின்றது. காவல்காரர்தான் குடை பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். மறுநாள் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். குடிகாரர்களின் வாக்குறுதியைத் தினமும் கவுண்டரில் கேட்கிறவள். இவன் காலில் விழுந்ததும் அழுததும் அவளிடம் எடுபடவில்லை.

அப்போது இடையில் வந்தவர் இந்த மச்சான்தான். "பாப்பா, நான் இவன என்கூடக் கூட்டிட்டுப் போறேன். என் எதிர்க் கட்டில்ல படுக்கட்டும். நான் பொறுப்பு" என்றார். தங்கையை இன்றைக்கும் அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவள் புருஷனைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தாள். "உங்க வார்த்தைக்காகத்தாண்ணா" என்றாள்.

அவர் வார்த்தையைக் காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும். போன புதிதில் வெல்டர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கம்பளிக்குள் சுருண்டு பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பான். மச்சான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஊர்க்கதை, பட்டறைக்கதை, இல்லாத கதை எல்லாம் சொல்லி அவனை இழுத்துப் பிடித்தார். அவருக்கும் அந்தப் பழக்கம் உண்டு என்பது அங்கே போன பிறகுதான் இவனுக்குத் தெரிந்தது. வீட்டில் அவர் உத்தமர். மதுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். குடிக்கிறவர்களுக்கு மணிக்கணக்கில் புத்தி சொல்கிறவர். லீவு நாளில் மட்டும் அலமாரிப் பூட்டைத் திறந்து எதையோ துண்டில் சுற்றிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவார். "உன் மூக்குல வாசம் படக் கூடாது மாப்ளே" என்பார். வெல்டர் அதற்காகவே அவரைக் கும்பிட்டான். யாரிடமும் மூச்சு விடவில்லை. அவர் ரகசியம் இவனிடம் பத்திரம், இவன் வைராக்கியம் அவரிடம் பத்திரம். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளாத ஓர் உடன்பாடு அது.

மனைவியும் மெல்ல மெல்ல இறங்கி வந்தாள். முதலில் போனை எடுக்கவே மாட்டாள். பிறகு எடுத்து மகளிடம் கொடுத்தாள். பிறகு அவளே பேசினாள். மகளோடு தங்கள் வீட்டுக்கும் திரும்பிவிட்டாள். கொஞ்ச நாளில் அவள் குரலில் ஒரு கனிவு வந்துவிட்டது. "ஒரு சொட்டு தொடல" என்று இவன் சொல்வான். "சரிங்க, உடம்பப் பாத்துக்குங்க" என்பாள். அந்த ஒரு வார்த்தையின் தெம்பில் அவன் ஒரு வாரம் இரும்பைப் பற்றவைப்பான். இப்போது ஊருக்குப் போகிறான். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. விமான நிலைய வாசலில் அவள் எதிரில் போய் நிற்க வேண்டும். அவள் இவன் கண்ணைப் பார்க்க வேண்டும். இவர் திருந்திவிட்டார் என்று அவளுக்கே தெரிய வேண்டும். ஒன்றரை வருடமாக அவன் சேர்த்து வைத்திருந்தது அது ஒன்றைத்தான்.

"வேண்டாம் மச்சான். அவ கண்ணுல பட்டா அவ்வளவுதான்."

"நீ குடிக்கவா போற? தூக்கத்தான போற! உனக்காக நான் எவ்வளவு பண்ணியிருக்கேன், எனக்காக ஒரு பைய தூக்க மாட்டியா?" மச்சான் அவன் தோளில் கையைப் போட்டார். "வெளிய வர்றதுக்கு முன்னாடி நானே வாங்கிக்கறேன். சத்தியமா. உன்ன மாட்டி விடுவேனா?"

அதற்கு மேல் வெல்டர் என்ன சொல்வான்? அவன் போர்டிங் பாஸைக் காட்டி, அவன் பெயரில் இரண்டு பாட்டில் வாங்கினார்கள். சீல் போட்டுக் கடைக்காரப் பெண் நீட்டியபோதுதான் அவன் கவனித்தான். அது கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். உள்ளே என்ன இருக்கிறது என்று உலகத்துக்கே தெரியும்.

முதல் விமானத்தில் மச்சான் தன் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டார். சாப்பாடு வந்தது, போனது. விளக்கை அணைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் கிழிகிற சத்தம் கேட்டது.

"மச்சான், பிரிக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க!"

"மூணு மணி நேரமா கால்ல இடிச்சுக்கிட்டே இருக்கு மாப்ளே. மனுஷன் எவ்வளவுதான் தாங்குவான்?" கோலாவைப் பாதி குடித்து, மீதியில் ஊற்றிக் கலக்கினார். பணிப்பெண் அந்தப் பக்கம் வந்தபோது குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். ஊருக்கெல்லாம் விதி சொல்கிற சட்டாம்பிள்ளை இப்படிக் கை அரிப்பை அடக்க முடியாமல் கிழித்துவிட்டு உட்கார்ந்திருந்ததில் வெல்டருக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாவம், மனிதர்தானே என்று நினைத்துக்கொண்டான். வாசம் வராமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிப் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டான்.

நடு விமான நிலையத்தில் சோதனை வரிசை நீளமாக இருந்தது. பெல்ட், ஷூ, போன், சில்லறை எல்லாம் தட்டில் போட வேண்டும். அடுத்த விமானத்துக்கு நேரம் நெருங்கிவிட்டது. வெல்டர் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது மச்சான் அவனைத் தாண்டி முன்னால் போயிருந்தார். அவர் தட்டில் சீல் போட்ட பை பளபளவென்று உட்கார்ந்திருந்தது. இவன் தட்டில் இருந்தது கிழிந்த பை.

"மச்சான், பை மாறிடுச்சு!"

அவர் காதில் விழுந்ததா இல்லையா, தெரியாது. ஸ்கேனர் வாசலுக்குள் கையை உயர்த்திக்கொண்டு நுழைந்துவிட்டார். வெல்டரின் தட்டு உருண்டு போய் அந்தப் பக்கம் நின்றது. அதிகாரி ஒருவர் கையுறை போட்ட விரலால் பையைத் தூக்கி, கிழிந்த ஓரத்தைக் காட்டினார். ஒரு பாட்டில் முழுசு. இன்னொன்றில் கால்வாசி இல்லை. அவர் மூடியைத் திருகி முகர்ந்துவிட்டு, இவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கிட்டே வந்து இவன் வாயருகே முகத்தைக் கொண்டுவந்தார். குடித்துவிட்டு விமானம் ஏறுகிறாயா என்று சைகையில் கேட்டார்.

"நான் குடிக்கல" என்றான் வெல்டர். அவருக்கு அந்த மொழி தெரியாது. தெரிந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்.

பின்னால் நின்ற ஒரு பெண் தன் குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டாள். அந்த அசைவு அவனுக்குப் பழக்கமானது. முன்பெல்லாம் தெருவில், பேருந்தில், மகளின் பள்ளியில் பார்த்தது. ஒன்றரை வருடமாகப் பார்க்காதது. இரண்டு பாட்டிலும் டமார் டமார் என்று தொட்டிக்குள் விழுந்தன. எதிர்ப்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து மச்சான் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெல்ட்டை மாட்ட ஒரு மனிதனுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. ஒரு தடவைகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏன் மச்சான் இப்படிப் பண்ணீங்க?"

"என்ன பண்ணிட்டேன்? உன்னப் பிடிச்சு ஜெயில்லயா போட்டான்? தூக்கித் தொட்டியில போட்டான், அவ்வளவுதான? நான் ஃபோர்மேன்டா. என் பேர் எழுதிக்கிட்டா பட்டறை வரைக்கும் போகும். உனக்கென்ன?" சொல்லிவிட்டுச் சீல் போட்ட பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "நல்லவேளை, இதாவது மிஞ்சிச்சு."

வெல்டர் அதையும் விழுங்கிக்கொண்டான். நாற்காலி போட்டு உட்கார்ந்து கதை சொன்ன மனிதர் அவர். ஒரு மனிதனுக்கு ஒரு தடவை புத்தி பிசகக் கூடாதா? இரண்டாவது விமானம் முழுக்க இதையே தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தான். சொல்லச் சொல்ல அது கொஞ்சம் உண்மை மாதிரியும் ஆகிவிட்டது.

ஊரில் இறங்கினபோது காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. பெட்டிகளை எடுத்து வண்டியில் அடுக்கி, சுங்கத்தைத் தாண்டி வெளிவாசலை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பை மச்சான் கையில்தான் இருந்தது. தானியங்கிக் கதவு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் வெளியே நிற்கிற கூட்டம் தெரிந்தது. மச்சானின் மனைவி, அம்மா, கொஞ்சம் தள்ளி வெல்டரின் மனைவி, அவள் விரலைப் பிடித்துக்கொண்டு மகள். பிள்ளை எவ்வளவு வளர்ந்துவிட்டது! வெல்டர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"மாப்ளே, இத ஒரு நிமிஷம் பிடி. ஷூ கயிறு அவுந்திடுச்சு."

அவன் கை தன்னால் நீண்டு வாங்கிக்கொண்டது. மச்சான் குனியவே இல்லை. இரண்டு வண்டிகளில் தன்னுடையதைத் தள்ளிக்கொண்டு விறுவிறுவென்று கதவைத் தாண்டிப் போய், அம்மாவைக் கட்டிக்கொண்டார். அவர் காலில் கிடந்தவை கயிறே இல்லாத ஷூ. வெல்டர் அதைப் பார்த்து முடிப்பதற்குள் கதவு மறுபடியும் திறந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் தள்ள, அவன் கண்ணாடிப் பையோடு வெளியே வந்து நின்றான்.

மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள், திரும்பிப் போவாள், அங்கேயே அழுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் சிரித்தாள். ஆறுதலான சிரிப்பு. "குடுங்க, நான் வச்சுக்கறேன்" என்று பையை வாங்கித் தன் தோள்பைக்குள் திணித்து, மேலே துப்பட்டாவைப் போட்டு மூடினாள். மாமியார் ஒரு பெருமூச்சு விட்டார். மச்சானின் மனைவி வேறு எங்கோ பார்த்தாள்.

"விடுங்க, இப்பத்தான வந்திருக்கான். யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் மச்சான், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

மூவரும் வாடகைக் காரில் தங்கள் வீட்டுக்குப் போனார்கள். மகள் முன் சீட்டில் உட்கார்ந்து சாக்லேட் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். வீடு சுத்தமாக இருந்தது. புதுத் திரைச்சீலை, அவனுக்கென்று புதுத் தலையணை உறை. மகள் பக்கத்து வீட்டுக்குச் சாக்லேட் கொடுக்க ஓடினாள். மனைவி சமையலறைக்குள் போய்ப் பையை மேல் அலமாரியில் வைத்துவிட்டு வந்து, அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"அது என்னுது இல்ல" என்றான்.

"சரிங்க."

"உனக்குக் கோவமே இல்லையா?"

"எதுக்குக் கோவம்? எனக்கு எல்லாம் தெரியும். அண்ணன் சொல்லிட்டாரு." அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "போன வருஷம் ஒரு நாள் வீடியோல பேசும்போது உங்க தலைமாட்டு ஜன்னல்ல காலி பாட்டில் பாத்தேன். அன்னிக்கு எனக்கு உசிரே போயிடுச்சு. அண்ணனக் கூப்பிட்டுக் கேட்டேன். 'ஆமா பாப்பா, ஒரேடியா விட முடியல அவனால. ஆனா ரொம்பக் குறைச்சிட்டான். லீவு நாள்ல மட்டும்தான். நான் பக்கத்துலயே இருந்து பாத்துக்கறேன். நீ கேட்டுடாத, கேட்டா வீம்புக்கு அதிகமாக்கிடுவான்'னாரு. அதனாலதான் நான் கேக்கவே இல்ல. நீங்க தொடலன்னு சொல்லும்போதெல்லாம் சரின்னே சொன்னேன். பொய்தான்னு தெரியும். இருந்தாலும் எனக்காகத்தான சொல்றாருன்னு நினைச்சுக்குவேன்."

லீவு நாளில் மட்டும். அது மச்சானின் கணக்கு. மொட்டை மாடியில் துண்டில் சுற்றிக்கொண்டு போனது. அந்தக் கணக்கை அப்படியே இவன் பெயருக்கு மாற்றி எழுதி, அதற்கு மேல் காவலும் தான்தான் என்று சொல்லியிருக்கிறார். அவள் குரலில் வந்த கனிவைத் தன் மேல் வந்த பெருமிதம் என்று நினைத்து அவன் உருகியிருந்தான். அது குடிகாரப் புருஷனைப் பொறுத்துப்போகிறவளின் கனிவு. ஒன்றரை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது யாருடைய கணக்கிலும் ஏறவில்லை.

"நான் குடிக்கல" என்றான். "கேளு. நான் அங்க போன நாள்ல இருந்து ஒரு சொட்டு குடிக்கல."

சொல்லும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பழைய நாட்களில், சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழையும்போது, சொல்லி வைத்தாற்போல அவன் சொல்கிற வாக்கியம் இதுதான். இதே வார்த்தைகள், இதே குரல். பொய்க்காகத் தேய்ந்து போனதைத் தவிர உண்மையைச் சொல்ல அவனிடம் வேறு வார்த்தை இல்லை. அவளும் அன்றைக்கெல்லாம் தலையாட்டிய மாதிரியே இன்றைக்கும் தலையாட்டினாள்.

"சரிங்க. குளிச்சிட்டு வாங்க."

மதியம் மச்சான் வந்தார். குளித்து, சலவைச் சட்டை போட்டு, நெற்றியெல்லாம் பளிச்சென்று இருந்தார். தங்கை டீ போட உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார். "எங்க மாப்ளே? பத்திரமா இருக்கா?"

"ஜன்னல்ல பாட்டில் யாருது மச்சான்?"

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு கணம்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியை இழுக்கிற விதம்கூட வெல்டருக்குத் தெரிந்ததுதான்.

"சொல்லிட்டாளா? சரி. என்ன பண்ணச் சொல்ற? என்னுதுன்னு சொன்னா அம்மா சாப்பிடாம கெடப்பாங்க. என் பொண்டாட்டி வீட்ட ரெண்டாக்கிடுவா. எனக்கு இத்தன வருஷமா சேத்து வச்ச பேர் இருக்கு மாப்ளே. உனக்குத்தான் ஏற்கெனவே கெட்டுப்போச்சே! கெட்ட பேர்ல இன்னும் கொஞ்சம் சேர்ந்தா என்ன கூடிடப் போகுது? குடும்பம் ஒண்ணாத்தான இருக்கு? அவ உன்கூடத்தான இருக்கா?"

அவர் அதை நியாயம் கேட்கிற குரலில் சொன்னார். உண்மையிலேயே தான் தப்பு செய்ததாக அவருக்குத் தோன்றவில்லை. அதுதான் வெல்டரை எரித்தது. "இங்க வா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "உங்கண்ணன் எதுக்கு வந்திருக்காருன்னு கேளு. அந்த ரெண்டு பாட்டிலும் அவருது. அன்னிக்கு ஜன்னல்ல இருந்ததும் அவருது. குடிக்கிறவர் அவரு. நான் இல்ல. கேளு, இப்பவே கேளு!"

மச்சான் எழுந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எங்கிருந்துதான் வருமோ அந்தக் கண்ணீர்!

"பாப்பா, திட்டாத அவன. நான் எதுக்கு வந்தேன்னா, அந்தப் பாட்டில் இந்த வீட்ல இருக்க வேண்டாம்னுதான். பிள்ளை இருக்கற வீடு. நான் எடுத்துட்டுப் போயி எங்கயாவது ஒழிச்சிடறேன். அவனுக்கு என் மேல கோவம் வரத்தான் செய்யும். வரட்டும். நான்தான பொறுப்பு?"

மனைவி புருஷனைப் பார்த்தாள். கோபமில்லை அந்தப் பார்வையில். "அண்ணன் மேல பழி போடாதீங்க" என்று மெதுவாகச் சொன்னாள். "முன்னாடியும் இப்படித்தான். கூட்டாளி ஊத்தினான், மேஸ்திரி ஊத்தினான்னு சொல்வீங்க. நான் உங்கள ஒண்ணுமே கேக்கலயே. எதுக்கு அவரப் போயி?"

அவள் உள்ளே போய்ப் பையைக் கொண்டுவந்து அண்ணனிடம் கொடுத்தாள். "நீங்க இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன்ணா" என்றாள். மச்சான் அதை வாங்கிக்கொண்டு வாசல் வரை போய்விட்டார். அப்போது அவள், "அண்ணா, ஒண்ணு மட்டும் வச்சுட்டுப் போங்க" என்றாள்.

"எதுக்கு பாப்பா?"

"ஒரேடியா நிறுத்தக் கூடாதுண்ணா. கை நடுங்கும், வலிப்புகூட வரும். எங்க கடைக்கு எத்தன பேர் வந்து நிக்கறாங்க. அளவு போட்டுக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். வெளிய போயிக் குடிக்கிறதுக்கு என் கையால குடிக்கட்டும். நான் கூட இருந்து பாத்துக்கறேன்."

மச்சானின் விரல்கள் பையை இறுக்கின. அந்த முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக உண்மையான வேதனை தெரிந்தது. அது தங்கைக்காக வந்தது இல்லை. அவரை மேஜைப் பக்கம் அழைத்து, கத்தரிக்கோலால் அவள் சீல் போட்ட ஓரத்தை வெட்டிப் பையைத் திறந்து பிடித்தாள். அவர் இரண்டையும் பார்த்து, இரண்டில் விலை குறைந்ததை வெளியே எடுத்து மேஜை மேல் வைத்தார். இன்னொன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு படி இறங்கிப் போனார். அவர் எந்தப் பாட்டிலை வைத்தார், ஏன் வைத்தார் என்பது அந்த வீட்டில் வெல்டர் ஒருவனுக்குத்தான் தெரியும்.

மனைவி கதவைச் சாத்தினாள். ஒரு டம்ளரும், இருமல் மருந்தோடு வருகிற அளவு மூடியும் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள். மருந்துக்கடையில் செய்கிற மாதிரியே மூடியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, கோடு வரை ஊற்றினாள். டம்ளரில் கவிழ்த்தாள். தண்ணீர் விட்டாள். அறை முழுக்க அந்த வாசம் நிறைந்தது. ஒன்றரை வருடம் அவன் போர்வையை மூக்கு வரை இழுத்து விரட்டிய வாசம்.

"வேண்டாம். எனக்கு வேண்டாம். ஊத்தாத."

"எனக்காகன்னு நினைச்சு வேண்டாம்னு சொல்லாதீங்க. எங்கிட்ட வெக்கப்பட வேண்டாம். இனிமே பொய் சொல்லவும் வேண்டாம். நான் கூடத்தான இருக்கேன்?"

அன்பாகத்தான் சொன்னாள். அவ்வளவு அன்பாக அவள் அவனிடம் கல்யாணமான புதிதில்கூடப் பேசியதில்லை. வெல்டருக்கு மச்சானின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. கத்தி அழ வேண்டும் போலிருந்தது. எதுவும் வரவில்லை. டம்ளரைத் தள்ளிவிடக் கையை நீட்டினான். ஆத்திரத்தில் அந்தக் கை, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை, வெடவெடவென்று நடுங்கியது.

அவள் அதைப் பார்த்தாள். சட்டென்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. அவன் கையைத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் பாட்டிலை எடுத்து, டம்ளரில் இன்னும் அரை மூடி ஊற்றினாள்.